பூசி மெழுகிய இடம்

செம்புக்கு வலம் இடம் தெரியாது.
எனக்குத் தெரியும் என்பதற்குத்தான் கூலி.
தேவாலயத்துக்குக் கிழக்கே ஓடும் கால்வாயை
மேற்கே வெட்ட வேண்டும்,
தாளில் விழும்போது தானாகத் திரும்பிக்கொள்ளும்.
பத்து மாதம் இந்தப் பிரானெக்கர் நகரைக்
கண்ணாடிக்கு உள்ளிருந்து பார்த்தேன்.
வீடு திரும்பும் வழியில் இரண்டு முறை
தப்பான பாலத்தில் ஏறியிருக்கிறேன்.

சீப்கே முடிச்சுக் கயிறோடு
தெருத்தெருவாய் அளந்து வந்தான்.
மழையில் கயிறு சுருங்கியதில்
மீன்சந்தைத் தெரு முப்பது அடி கூடிவிட்டது.
தன் தெரு நீளமாய் இருப்பதில்
யாருக்கு என்ன வருத்தம்?

பல்கலைக்கழகத்தார் கேட்டது வேறு.
கோபுரம் இன்னும் ஒரு விரற்கடை உயரட்டும்.
தோட்டத்து மரங்கள் வரிசை பிசகாமல் நிற்கட்டும்.
நட்டது பதினொன்று, பிழைத்தது நாலு.
பதினொன்றையும் வெட்டினேன்.
மேலே ஒரு நாடா, அதற்குள் லத்தீனில் நாலு வரி.
லத்தீனில் எனக்கு ஒரு சொல்லும் புரியாது.
புரியாததை இடவலம் மாற்றி வெட்டுவது சுலபம்.
புரிந்த சொல்தான்
கைநழுவி நேராய் விழுந்துவிடும்.

கூரைக்கு ஏழு கீறல்.
மாணவர் குடியிருக்கும் சந்துகளுக்கு
ஐந்து போதும் என்றார் கணக்கர்.
மதிலோரப் புல்வெளியில் வெளுக்க விரித்த துணிகளுக்கு
நானாகவே ஒரு மாலை முழுக்கச் செலவழித்தேன்.
அது கணக்கில் இல்லை.

வடக்கு வாசலை ஒட்டி யெல்ட்ஜேயின் மதுக்கடை.
பெயர்ப்பலகையில் மூன்று ஹெரிங் மீன்கள்.
பலகையே கடுகளவு,
ஆனாலும் மூன்றுக்கும் வால் வைத்தேன்.

அந்தக் கடையில்தான் நவம்பரில்
விக்போல்ட் என்ற பையன்,
சட்டம் படிக்க வந்தவன், பத்தொன்பது வயது,
ஆறு ஸ்டைவர் கடனைப் பற்றிய பேச்சில்
வயிற்றில் கத்தி வாங்கினான்.
குத்தியவன் பெரிய இடத்துப் பிள்ளை.
விடிவதற்குள் படகு கிடைத்துவிட்டது.

ரெக்டரின் ஆள் என்னிடம் வந்தான்.
கடையை மூடியாயிற்று,
படத்திலும் இருக்க வேண்டாம்.
பூசி மெழுகிவிடு என்றான்,
என் தொழிலில் அது எத்தனை நாள் வேலை என்று தெரியாமல்.

முதலில் சுரண்டினேன்.
தகட்டைக் குப்புறப் போட்டுச்
சின்னச் சுத்தியலால் தட்டிப் பள்ளத்தை எழுப்பினேன்.
எண்ணெய் விட்டு எஃகால் தேய்த்தேன்,
முகம் தெரியும்வரை.
தெரிந்தது என் முகம்தான்.
புல் போடு என்றார்கள்.
ஒன்பது கீறல் புல்.

அச்சில் ஏற்றினால்
தேய்த்த இடம் மையை முழுதாய்க் கைவிடவில்லை.
புல்லுக்கு அடியில்
கட்டைவிரல் நகமளவு சாம்பல்.
அச்சுக்கார டெயர்க் துணியால் துடைத்தான்,
உள்ளங்கையால் துடைத்தான்,
பிறகு பேசாமல் ஈரத்தாளை வைத்து உருளையை இழுத்தான்.

முந்நூறு தாள் விற்றது.
கோபுரத்தை யாரும் பார்த்ததாய்த் தெரியவில்லை.
தாளை விரித்ததும் விரல்
வடக்கு வாசலுக்குப் போகிறது.
இங்கேதான், என்கிறார்கள்.
எழுத்தறியாத மீன்காரி சொல்கிறாள்,
புதிதாய் வந்து இறங்கும் மாணவர்களுக்குப்
படகோட்டி சொல்கிறான்.
சந்தையில் தொங்கும் தாளில்
தொட்டுத் தொட்டு அந்த இடம் ஓட்டையாகப் பார்க்கிறது.
அளந்து வெட்டிய நகரத்தில்
எல்லோரும் தடுமாறாமல் கண்டுபிடிக்கும் ஒரே வீடு
நான் அழித்தது.

இன்று காலை குரோனிங்கனிலிருந்து ஒரு வேலைக்காரன்.
விக்போல்டின் தாய் அனுப்பியிருக்கிறாள்.
கடை இருக்கிற தாளாய் வேண்டுமாம்.

சுரண்டும் முன் சோதனைக்கு எடுத்தது ஒன்று இருக்கிறது,
இழுப்பறையின் அடியில்,
மூன்று மீன்களும் வாலோடு.
எடுத்துச் சுருட்டி நூல் கட்டிவிட்டேன்.
அவன் வாசலிலேயே நிற்கிறான்,
தொப்பி விளிம்பிலிருந்து மழை சொட்டுகிறது.
விலை என்ன, என்று கேட்கிறான்.

எல்லாத் தாளுக்கும் ஒரே விலைதான்.
ஆறு ஸ்டைவர்.
சொல்ல வாய் வரவில்லை.