இடையூறு: மூன்று

மேடவாக்கம் கூட்ரோடு.
பழைய இரும்புக் கடைத் தராசில்
என் காடு கிடக்கிறது.
ஒரு கிலோ நூறு கிராம்.

முந்நூற்றுத் தொண்ணூறு அலுமினியத் தகடுகள்,
ஒவ்வொன்றிலும் ஆணியால் குத்திய எண்.
குத்தியவள் நான்.
நன்மங்கலம் காப்புக்காட்டில் மூன்று வெயில்காலம்
மார்பு உயரத்தில் டேப் சுற்றி
நான் சுற்றளவு கூவ,
எபினேசர் எழுதிக்கொண்டே வருவான்.

"என்னாம்மா நம்பரு இது, ரேஷன் கார்டா?"
என்கிறார் கடைக்காரர் சையது பாவா.
மரத்தோட நம்பர் என்றேன்.
"அதுக்கும் குடுத்துட்டாங்களா?"
கிலோ நூற்று அறுபது என்றார்.
யார் கொண்டுவந்து போட்டது என்று
நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.
தோளில் மாட்டியதும் பைக்குள்
சில்லறைச் சத்தம்.

எங்கள் திட்டத்தின் தலைப்பு கொஞ்சம் நீளம்.
பாதுகாப்பு வரும், நீடித்த பயன்பாடு வரும்,
இரண்டுக்கும் நடுவே ஒரு 'மற்றும்' வரும்.
அந்த 'மற்றும்'முக்குத்தான் எனக்குச் சம்பளம்.
நாலு மாதம் பாக்கி.

மறுநாள் பைக்குள் எண்களோடு
மரங்களுக்கு நடுவில் நிற்கிறேன்.
உசிலை எது, வெட்பாலை எது, தெரியும்.
எந்த உசிலை? எந்த வெட்பாலை?
ஜி.பி.எஸ். பத்தடி தள்ளிப் பொய் சொல்கிறது.
குவாரிப் பாறையில் கொம்பன் ஆந்தை
ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு
போதும் என்பதுபோல் மூடிக்கொண்டது.
சாலையில் தண்ணி லாரிகள்.

சூரை முள்ளுக்குள்ளிருந்து செஞ்சம்மா எழுந்தாள்.
கையில் குட்டிக் கடப்பாரை, மடியில் நன்னாரி.
என் வயதுதான் இருக்கும்.
மூன்று வருடமாக அவளைத் தெரியும்,
தாளில்.
'மனித இடையூறு' என்று அதில் ஒரு பத்தி உண்டு,
பூஜ்யம் முதல் மூன்று வரை.
தோண்டிய குழி கண்டால் மூன்று.

"ஆணி அடிச்சியே, அந்த மரத்தயா தேடுற?
கீழ கறுப்பா கோடு எறங்கிருக்கும், தடவிப் பாரு."

தடவினேன்.
தகட்டைப் பிடுங்கியவன் விட்டுப்போன ஆணி.
வெட்பாலையின் பால் வடிந்து
தூசி படிந்து கறுத்திருந்தது.
மரம் மரமாக அது என் கையெழுத்து.

அவள் குத்தவைத்துத் தோண்டினாள்.
வேரில் பாதியை அறுத்தாள்.
கொடியோடு பாதியை விட்டு
மண்ணைத் தள்ளிக் குதிகாலால் அமுக்கினாள்.
ஏன் பாதி என்றேன்.
"அடுத்த வருசம் நான் வரவேணாமா?"

இதற்கு எங்கள் அறிக்கையில் பதினெட்டுப் பக்கம்.

எப்போதும் பாதி விடுவியா என்றேன்.
"வட்டிக்காரன் வர்ற வாரம் விடமாட்டேன்."
கூச்சமே இல்லை குரலில்.
மழை உண்டு, சரிவு உண்டு, மண்ணின் ஈரம் உண்டு
எங்கள் கணக்கில்.
வட்டிக்காரனுக்கு ஒரு மாறி இல்லை.

தூரத்தில் வனக்காவலர் பைக் சத்தம்.
அவள் சூரைக்குள் மறைந்தாள்,
நான் அனுமதிக் கடிதத்துக்குள்.

சாயங்காலம் வரை
எபியும் நானும் மறுபடி டேப் சுற்றினோம்.
பழைய தாளில் நாற்பத்தொன்று,
இப்போது நாற்பத்திரண்டரை, பக்கத்தில் இரட்டைக் காரை:
ஆக, இது 267.
இப்படி நூற்றுப் பதினாறு மரங்கள்
எண்ணுக்குத் திரும்பின.
இம்முறை சுத்தியல் எடுக்கவில்லை.
நைலான் கயிற்றைத் தளர்வாகக் கட்டினோம்;
எத்தனை நாள் தாங்குமோ.

"ஏழாம் கட்டம், இடையூறு. என்ன போட?"
பேனாவோடு நின்றான் எபி.
மூன்று என்றேன்.
"யாரு, அந்தப் பொம்பளையா?"
லாரி ஒன்று போனது.
அது போகட்டும் என்று காத்திருந்தேன்,
போன பிறகும் காத்திருந்தேன்.

412 மட்டும் எந்த மரத்தோடும் சேரவில்லை.
வேளச்சேரியில் ரயிலேறிக்
கைப்பிடியைப் பற்றிக்கொண்டேன்.
அது பைக்குள் வீட்டுச் சாவியோடு
உரசிக்கொண்டே வந்தது.