அந்நியர் நுழையும் கட்டம்

குப்பத்துக்கு வெளியே, மல்பெரித் தோட்டம் முடிகிற இடத்தில்
அந்த அங்கன்வாடி.
பிள்ளைகள் தமிழில் சண்டை பிடித்துத்
தெலுங்கில் அழுகிறார்கள்.
முட்டை வெந்த வாசம் வந்ததும்
இரண்டும் நின்றுவிடும்.

பக்கத்து அறையில் நான்,
ஒரு பிளாஸ்டிக் கதிரை, மூன்று பொம்மை,
கையில் மணிக்கூடு,
மடியில் எட்டுக் கட்டம் போட்ட தாள்.
மூன்றாம் கட்டம்: அந்நியர் நுழைவார்.
நான்காம் கட்டம்: தாய் சொல்லாமல் வெளியேறுவார்.

அந்நியர் நான்தான்.
அதற்கு நடிக்கத் தேவையிருக்கவில்லை.
சித்தூர் போலீஸ் அலுவலகத்தில் என் கடவுச்சீட்டைப் புரட்டியவர்
"தமிழ்தானே பேசுறீங்க, நீங்க என்ன ஃபாரினர்?"
என்று சிரித்தார்.
சிரித்துக்கொண்டே
ஃபாரினர் என்ற இடத்தில் முத்திரையை இறக்கினார்.
வந்த நோக்கம்: கல்வி.
பாடம்: உளவியல், முன்பிள்ளைப் பருவம்.
"சின்னப் புள்ளைங்கள பாத்துக்கறதுக்கு ஒரு படிப்பா?"
அதற்கும் சிரித்தார்.

நாகவேணி பட்டுக்கூடு சந்தையில் அரைநாள் கூலியை விட்டு வந்தவள்.
இடுப்பில் லாஸ்யா, பதினான்கு மாதம்.
மூன்று தரம் விளக்கினேன்:
பிள்ளை பொம்மையைப் பார்க்கிற நேரம்
சத்தமில்லாமல் எழும்பிப் போய்விடுங்கள்.
தலையாட்டினாள். எழும்பினாள்.
கதவடியில் நின்றாள்.
"வஸ்தா தல்லி."

மணிக்கூட்டைத் திருப்பிவைத்தேன்.
இரண்டாம் தரமும் வஸ்தா.
மூன்றாம் தரம் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு
வெளியே போய்விட்டாள்.
நான் எழுதத் தொடங்குகையில்
ஜன்னல் கம்பிக்குள்ளால் ஒரு மூக்கு:
"வஸ்தா!"
லாஸ்யா கையை ஆட்டிவிட்டு
என் பேனாவைப் பிடுங்கினாள்.

"சொல்லாம எப்படிம்மா போறது?" என்றாள் நாகவேணி,
எல்லைத் தமிழில், கொஞ்சம் கோபமாய்.
"செத்தவங்கதான் அப்படிப் போவாங்க."

முருங்கனில் அன்று விடிய மூன்று நாற்பது.
வான் விளக்கை அணைத்துவிட்டு நின்றது.
பிணைச்சல் கிறீச்சிடாமல்
அன்ரன் கதவைத் தூக்கிப் பிடித்திருந்தான்.
ஷரோமி என் பழைய சோட்டியைக்
கைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு நித்திரை.
மூன்று வயது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது.
அழுவாள் என்று சொன்னார்கள்.
எழுப்பாதே என்று சொன்னார்கள்.
அந்தக் கையேட்டை நான் அப்போது வாசித்திருக்கவில்லை.
நான்காம் கட்டத்தை ஒரு பிழையும் இல்லாமல் செய்தேன்.

"விதிமீறல், இந்தப் பதிவு செல்லாது" என்றார் பேராசிரியர்.
குறிப்புப் பத்தியில் நான் எழுதியிருந்தேன்:
தாய் வருவேன் என்றாள். பிள்ளை நம்பியது.
'நம்பியது' என்பதைச் சிவப்பில் வட்டமிட்டு
எதை வைத்து அளந்தாய் என்று கேட்டிருந்தார்.
நியாயமான கேள்வி.
பேனாவைப் பிடுங்கியதை வைத்து என்று
எழுதலாமா?

இரவு, விடுதிக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறினால்தான்
வீடியோ ஓடும்.
ஷரோமி வருகிறாள்.
முகட்டைப் பார்க்கிறாள்.
பொம்மையின் முதுகைக் காட்டுகிறாள்.
"அம்மாவோட கதை குஞ்சு" என்று அன்ரன் பக்கத்திலிருந்து கெஞ்சுகிறான்.
எண்ணக்கூடாது என்று நினைத்துக்கொண்டே எண்ணுகிறேன்.
பதினொரு செக்கன்.
தாய் திரும்பி வரும்போது முகம் திருப்பும் பிள்ளை, ஏ வகை.
தேர்வில் அந்தப் பகுதிக்கு எனக்கு முழுப் புள்ளி.

அன்றைக்கு வைக்கும்முன்
வஸ்தா என்றேன்.
ஏன் என்று தெரியாது. வாயில் கிடந்தது, வந்துவிட்டது.

"அது என்ன?"

முகம் திரும்பியிருந்தது.
எனக்காக இல்லை, அந்தச் சொல்லுக்காக.
ஆனாலும் திரும்பியிருந்தது.
ஒன்று, இரண்டு, மூன்று

பிறகு சிக்னல்
கர்நாடகத்துக்குப் போய்விட்டது.