இருபத்தேழாவது நாவலின் கடைசித் தாள்

ஒப்பந்தத்தின் நான்காம் பக்கத்தில் இருக்கிறது:
கேப்டன் அழக் கூடாது.
டாக்டர் இல்வாவுக்கு மறுமணம் கிடையாது.
கப்பலில் ஒரு கீறல் விழுந்தாலும்
கடைசி அத்தியாயத்துக்குள் ஆறிவிட வேண்டும்.
தொலைக்காட்சியில் யார் யார் எங்கெங்கே நின்றார்களோ
அங்கங்கே அவர்களைக் கொண்டுபோய் நிறுத்தி
விளக்கை அணைத்துவிட்டு நான் வெளியேற வேண்டும்,
பிறத்தியார் வீட்டில் தங்கியவள் மாதிரி.

அட்டையில் என் பெயரும் இராது.
ஜே. கே. ஆர்ன்வுட் என்று ஒருவர்,
பிறக்காமலே இருபத்தாறு நாவல் எழுதியவர்.
இருபத்தேழாவதை நான் எழுதினேன்,
தண்டர் பேயில், சலவைக்கடைக்கு மேல்மாடியில்.
கீழே உலர்த்திகள் சுழன்றால் மேசை நடுங்கும்.
கப்பல் புறப்படும் காட்சிகளைச்
சனிக்கிழமைகளுக்கு ஒத்திவைப்பேன்.

ஒரேயொரு சலுகை.
வேறோர் அண்டத்தைத் திறந்துவிட்டால்
அங்கே அழலாம், சாகலாம், கட்சி மாறலாம்.
அங்கே அவர்கள் அவர்கள் இல்லை.

திறந்தேன்.

அந்தப் பக்கத்துக் கேப்டனுக்கு உயரமென்றால் பயம்.
ஏரிக்கரைத் தானியக் களஞ்சியத்தில்
கோதுமை வரும் ரயில் பெட்டிகளுக்கு
எடைச்சீட்டு எழுதுகிறான்,
வானத்தை நிமிர்ந்து பார்ப்பதில்லை.
அந்தப் பக்கத்து இல்வா மருந்து கடத்துகிறாள்,
இரண்டு முறை பிடிபட்டவள்.
சிரிப்பு மட்டும் அதே சிரிப்பு.
அதை மாற்றினால் வாசகருக்கு ஆள் தெரியாது.

பிறகு டோர்மன்.
என்ஜின் அறையில் பழந்துணியால் கை துடைத்தபடி நிற்பானே, அவன்.
ஐந்து சீசனில் இரண்டுதான் இருந்தான்,
எல்லாமாய்ப் பதினொரு வசனம்.
நடிகர் சம்பளம் கூட்டிக் கேட்டாராம்;
அடுத்த வாரமே குளிர்விப்பான் வெடித்து
டோர்மன் செத்துப்போனான்.
அதன்பின் கப்பலில் யாரும் அவன் பெயரைச் சொல்லவில்லை.
பன்னிரண்டு வயதில் அதைப் பார்த்துவிட்டு
இரவுச் சாப்பாட்டை நான் தொடவில்லை.
"ஆரடி செத்தது?" என்று அம்மா பதறினா.

அந்தப் பக்கத்தில் குளிர்விப்பான் வெடிக்கவில்லை.
அவ்வளவுதான் நான் செய்தது.
டோர்மனுக்கு வயது போனது, முழங்கால் நொந்தது,
பருப்புக் கறியும் சோறும் பிசைந்து
கையால் தின்றான்.
நியூயார்க்கிலிருந்து பதிப்பாசிரியர் எழுதினார்:
அன்புள்ள யசோதினி,
எடையற்ற வெளியில் சோறு பிசைய முடியுமா?
அந்த அண்டத்தில் முடியும் என்றேன்.
விட்டுவிட்டார்.
அவர் வசனங்களை எண்ணவில்லை. நான் எண்ணினேன்:
நானூற்றுப் பன்னிரண்டு.

ஆனால் கதவு மூடியாக வேண்டும்.
கடைசித் தாள். கேப்டன் இந்தப் பக்கம்,
டோர்மன் அந்தப் பக்கம்,
நடுவில் ஒளி சுருங்கிக்கொண்டே வருகிறது.
தன் டோர்மனைச் சாகக் கொடுத்தவன்
தன்னுடையதல்லாத டோர்மனைப் பார்க்கிறான்.
அழக் கூடாது.
கண்ணில் தூசி என்று எழுதிப் பார்த்தேன்,
அதையும் வெட்டினார்கள்.
கதவு மூடிற்று.
கப்பலில் யாருக்கும் எதுவும் நினைவில்லை.

இதெல்லாம் ஆறு வருடம் முன்பு.
போன மார்ச்சில், பனி சேறாகிக் கிடந்த நாள்,
மே தெருவின் பழம்பொருள் கடையில்
சறுக்குக் காலணிகளுக்கும் ஜிக்சா பெட்டிகளுக்கும் நடுவே
இருபத்தேழைக் கண்டேன். இரண்டு டாலர்.
முதுகு ஐந்து இடத்தில் முறிந்திருந்தது.
பின்பக்கம் புரட்டினேன்.

கடைசித் தாள் இல்லை.

கிழிந்துபோனதல்ல. அடிமட்டம் வைத்து, பிளேடால்,
முதுகோடு ஒட்ட வெட்டி எடுத்திருந்தது
யாரோ ஒரு நிதானமான கை.

இருநூற்று அறுபத்தெட்டோடு நாவல் நிற்கிறது.
டோர்மன் வாசற்படியில் ஒரு கால் வைத்திருக்கிறான்.
துணி தோளில் கிடக்கிறது.
எந்தப் பக்கத்துப் படி என்று
நான் எழுதியிருக்கவில்லை.

வேண்டுமா என்று கேட்டாள் கல்லாவில் இருந்த பெண்.
இல்லை என்றேன்.
எடுத்த இடத்தில் அதைத் திரும்ப வைக்கவில்லை.
சமையல் புத்தகங்களின் அடுக்கில்,
பருப்பு வகைகளுக்குப் பக்கத்தில் செருகிவிட்டு
பஸ்ஸுக்கு ஓடினேன்.