ஒட்டும் பக்கம்

ஸ்ப்ராட் மீன் டப்பாவைக் காலி செய்ய
நான்கு ரொட்டித் துண்டும் ஒரு நைட் ஷிப்டும் போதும்.
எண்ணெய்ப் பிசுக்கு போகத்தான் மூன்று நாள்.
சோடா உப்பு, வெந்நீர், மறுபடி சோடா உப்பு.
உள்ளே பளபளக்காத கறுப்பு பூசி
கொதிகலன் குழாய்மேல் காயவைத்தேன்.
இன்னும் புகைமீன் வாசம்தான்.
மேல்வீட்டு ஐவிஸின் பூனை மட்டும்
என் கேமராவை முழுதாக நம்புகிறது.

பீர் கேனிலிருந்து நகத்தளவு தகடு.
பத்தாம் நம்பர் ஊசி.
குத்தக் கூடாது; சுழற்ற வேண்டும்,
காது குடைவதுபோல, அவ்வளவு மெதுவாக.
பின்புறம் எழும் பிசிரை உப்புத்தாளில் தேய்த்து
மறுபடி சுழற்றி
விளக்குக்கு நேரே பிடித்துப் பார்.
முதல் ஆறும் குப்பைக்கு.
ஏழாவது துளையில்
லியெபாயா நகரமே நுழைந்துவிடும்,
வரிசையில் வந்தால்.

குளியலறை. கதவடியில் துண்டு.
சாவித்துவாரத்தில் மென்று முடித்த சூயிங்கம்.
வாஷிங் மெஷினின் சிவப்புப் பொட்டுக்கும் டேப்.
இருட்டு நிஜந்தானா என்று
கண் சோதித்து முடிக்கும்வரை சும்மா உட்கார வேண்டும்.
பிறகு சுருளை அவிழ்த்து
பலகையில் அடித்த இரண்டு ஆணிக்கும் இடையே நீட்டி
வெட்டு.
விரலையும் பிலிமையும் கத்தரிக்கோல்
ஒரே மரியாதையோடு நடத்தும்.
கதவடியில் ஒரு துண்டு, கையில் ஒரு துண்டு.
இதில் ஒளியைப் பிடிக்கும் பக்கம் எது?
விரலுக்கு இரண்டும் வழவழப்பு.
உதட்டை நனைத்து
ஒரு மூலையை மட்டும் ஒற்றுகிறேன்.
ஒட்டினால் அதுதான்.
என் எல்லாப் படங்களின் மூலையிலும்
உதட்டு ரேகை ஒன்று உண்டு.
இதுவரை யாரும் கேட்டதில்லை.

சனிக்கிழமை, சந்தை.
ஸ்கைத்ரீதே தட்டைமீன் விற்கிறாள்.
எதிர்த் தூணில் டப்பாவை ரப்பர் பேண்டால் கட்டினேன்.
மேகமூட்டம். கணக்குப்படி ஒரு நிமிடம்.
மங்கல் வெளிச்சத்தில் பிலிமுக்குச் சோம்பல்,
நான்கு கொடுக்க வேண்டும்.
டேப்பை உரித்துவிட்டு
டிராம் நிறுத்தங்களை வரிசையாகச் சொல்லி எண்ணினேன்.

அடுத்த வாரம் காட்டினேன்.
தராசு இருக்கிறது. எடைக்கல் ஒவ்வொன்றும் இருக்கிறது.
கொக்கியில் மீன்கள், கண்ணிமைக்காமல்.
"நான் எங்கே?"
ஏப்ரன் இருக்க வேண்டிய இடத்தில்
கண்ணாடியில் மூச்சுவிட்டதுபோல ஒரு மங்கல்.
"நாலு நிமிடமும் இங்கேதானே நின்றேன்,
மூன்று கிலோ விற்றேன்!"
அதனால்தான், என்றேன்.
"செத்ததைத்தான் உன் டப்பா மதிக்கும்,"
என்று ஒரு மீன்வாலைக் காகிதத்தில் சுற்றித் தந்தாள்.
பூனைக்கு.

அசையாமல் நில் என்று கேட்டபோது நின்றாள்,
பதினோரு விநாடி.
யாரோ விலை கேட்டார்கள்.
இன்னொரு வாரம் ஒரு கை மட்டும் விழுந்தது,
பலகையில் ஊன்றிய இடது கை.
அதையே பெரிதாகப் போடச் சொன்னாள்.
மோதிரம் தெரிகிறதாம்.

நவம்பரின் கடைசிச் சனி.
டேப்பை உரித்த உடனே அவளுக்குப் போன் வந்தது.
காதில் வைத்தாள்.
ஒரு வார்த்தை பேசவில்லை.
நான் நிறுத்தம் நிறுத்தமாகப் போய்க்கொண்டிருந்தேன்.
கடைசி நிறுத்தம் வந்தும்
அவள் அப்படியே.
வாங்க வந்த ஒருவர்
தொப்பியைக் கழற்றிக்கொண்டு பின்வாங்கினார்.
மூட வேண்டிய டேப்
என் விரலிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

நெகட்டிவ் இப்போது குளியலறைக் கம்பியில், கிளிப்பில்.
நான் எடுத்ததிலேயே கூர்மையானது இதுதான்.
வெள்ளை ஏப்ரன் கன்னங்கறுப்பு.
காது, காதோர முடி, கழுத்து நரம்புகூட.
யார் பேசினார்கள் என்று தெரியாது.
இரண்டு சனியாக அவள் இடத்தில் ஒரு பையன்.
கை வேகம்; படத்தில் விழவே மாட்டான்.
அவனிடம் கேட்கவில்லை.
அச்சும் போடவில்லை.

கதவடியில் துண்டு.
கையில் அடுத்த துண்டு.
மூலையை உதட்டில் ஒற்றுகிறேன்.
இந்தப் பக்கமும் ஒட்டவில்லை,
அந்தப் பக்கமும் ஒட்டவில்லை.
உதடு காய்ந்திருக்கிறது.