நூறு கிலோமீட்டருக்கு

டாஷ்போர்டு அறையில் ஒரு நீல நோட்டு.
தேதி, லிட்டர், ஓடிய தூரம்.
வெய்யோவின் எண்கள் சாய்ந்திருக்கும்,
என்னுடையவை குண்டாக.
பதினொரு வருடமாய்
இருவரும் விடாமல் எழுதிவந்தது
அது ஒன்றுதான்.

செப்டம்பரில் நூறுக்கு ஆறு புள்ளி இரண்டு.
நவம்பரில் ஏழு.
குளிரில் வண்டி கூடக் குடிக்கும்.
டயரில் காற்று சுருங்கும்,
ஆயில் தேனாய் இறுகும்,
எஞ்சின் சூடாகுமுன் கடை வந்துவிடும்.
பின்லாந்தில் பிறந்தவளுக்கு
இதெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டாம்.

டிசம்பரில் பத்து.
பண்டிகை, அலைச்சல் என்று விட்டேன்.
ஜனவரியில் பதினொன்று புள்ளி மூன்று.

டார்ச் அடித்து வண்டிக்கடியில் படுத்துப் பார்த்தேன்.
பனி வெள்ளையாகவே இருந்தது,
ஒரு சொட்டு ஒழுகலில்லை.

சரி, நம் பழக்கம்தான் என்று ஆரம்பித்தேன்.
போன ஈஸ்டரிலிருந்து கூரைமேல் காலியாய்
காற்றோடு மல்லுக்கட்டிய பனிச்சறுக்குப் பெட்டியைக்
கழற்றினேன்.
விரல் விறைக்க நான்கு டயருக்கும் காற்று.
இரவு ஷிப்டில் நிற்கும்போது
மருத்துவமனைச் சுவரிலிருந்து வயர் இழுத்து மாட்டினேன்,
எஞ்சின் சூடாகவே விழிக்கட்டும் என்று.
தூங்கும் பூனையின் வாலருகே கால் வைப்பதுபோல்
ஆக்ஸிலரேட்டரில் வைத்தேன்.
சிவப்பு விளக்கு தூரத்தில் தெரிந்ததுமே காலை எடுத்துவிட்டால்
வண்டி தானே உருண்டு போய்ச் சேரும்,
அதற்குள் பச்சை விழுந்திருக்கும்.
காசு கொடுத்து வாங்கிய வேகத்தை
பிரேக்கில் கொட்டுவானேன்?
பின்னால் மரம் ஏற்றி வந்தவன் ஹாரன் அடித்தான்.
அடிக்கட்டும்.

பிப்ரவரியில் பன்னிரண்டு.

"உன் கால்தான் கனம்" என்றேன்.
வெய்யோ சூப்பிலிருந்து நிமிரவில்லை.
"இருக்கும்" என்றான்.

அன்றிரவு சலவை இயந்திரங்கள் சுற்றிக்கொண்டிருக்க
ரசீதின் முதுகில் கணக்குப் போட்டேன்.
பால்தமோவிலிருந்து காயானி, போக வர
என் பங்கு நாளுக்கு எழுபத்தாறு.
மாறவில்லை.
மர ஆலைக்குப் போக வர அவன் பங்கு
நாற்பத்து நான்கு இருக்க வேண்டும்.
மூன்று இருந்தது.

லிட்டரையே முறைத்துப் பார்த்தவள்
தூரத்தைப் பார்க்கவில்லை.
நின்ற இடத்தில் ஓடும் எஞ்சினுக்கு
நூறு கிலோமீட்டர் ஏது?
பூஜ்ஜியத்தால் வகுக்கக் கூடாதென்று
எட்டாம் வகுப்பில் படித்ததோடு சரி.

செவ்வாய்க்கிழமை, பல் டாக்டரிடம் போய்விட்டு
ஐலாவின் வண்டியில் திரும்பினேன்.
படகுத்துறையில் எங்கள் கார்.
எதிரே ஏரி, கரை எது நீர் எது என்றில்லாத வெள்ளை.
புகைக்குழாயில் மெல்லிய ஆவி.
உள்ளே ஆலைச் சட்டை போட்டு
சரியாகப் பதினோரு மணிக்கு
மதியச் சாப்பாட்டைப் பிரித்துக்கொண்டிருந்தான்.
வெளியே மைனஸ் இருபத்து மூன்று.
எஞ்சின் ஓடாமல் அங்கே
யாரும் வேலைக்குப் போயிருக்க முடியாது.

"இங்கேயே இறக்கிவிடு" என்றேன் ஐலாவிடம்.
ஏன் என்று அவள் கேட்கவில்லை.

மறுபக்கக் கதவைத் திறந்து ஏறினேன்.
முன்கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னான்:
"டிசம்பர் ஐந்து. முப்பத்தொரு பேர்."
கையில் பாதி ரொட்டி.
பெட்ரோல் விலை என் நாக்கு நுனிவரை வந்தது, உண்மை.
மரத்த தாடையோடு அதை விழுங்கினேன்.
சாவியைத் திருப்பி அணைத்தேன்.
பிறகு அவனையும்.

ஓடாத வண்டிக்குள் எவ்வளவு நேரம் சூடு தங்கும் என்று எழுத
நோட்டில் பத்தி இல்லை.
பதினெட்டு நிமிடம் தங்கியது.
கண்ணாடியின் உள்பக்கம் எங்கள் மூச்சு உறைந்தபோது
அவன் நகர்ந்து இடம் விட்டான்.
நான் ஓட்டினேன்,
எழுபதுக்கு மேல் போகாமல்.