பதினாறு கிராம்

குர்ஷ்யக் காயலில் அக்டோபர்.
விடிய இன்னும் ஒரு மணி நேரம்.
வலையிலிருந்து வந்த துணிப்பைகள்
கொக்கிகளில் தொங்கித்
தாமாக அசைகின்றன.
பைக்கு ஒரு பறவை,
பறவைக்கு ஒரு வளையம்,
வளையத்துக்கு அட்டவணையில் ஒரு வரி.
அட்டவணை இருப்பது மேகத்தில்.

வைவா ஸ்தொன்குதே
இடது கைக்குள் ஒரு ராபினை வைத்துக்கொண்டு
வலது சுண்டுவிரலால் விசையைத் தட்டுகிறாள்.
"பார்க்கலாமாம். எழுதக் கூடாதாம்."
போன வருடமும் இதே பாட்டுதான்.
அவள் நோட்டில் எழுதினாள்,
நான் இரவில் உட்கார்ந்து ஏற்றினேன்.
சரிசெய்கிறேன் சரிசெய்கிறேன் என்று
பனி விழுந்து பருவமே முடிந்தது.

இன்று விடுவதில்லை.
வெளியேறி உள்ளே வரச் சொன்னேன்.
வந்தாள்.
மறைநிலைச் சாளரத்தில் திறந்தோம்,
யார் நீ என்று கேட்டது.
சொன்னோம். பார் என்றது.
இணைப்பைப் புதிதாக அனுப்பினேன்,
ஒரே மேசையில்
என் கணினியிலிருந்து அவள் கணினிக்கு,
ஐஸ்லாந்தைச் சுற்றிக்கொண்டு போயிருக்கலாம்.
பார் என்றது.
சாமி வரம் கொடுத்தாலும்
பூசாரி கொடுக்கவில்லை என்பார்கள்.
இங்கே கோப்பின் உரிமையாளன் நான்,
நிர்வாகியும் நான்.
யாரிடம் போய்க் கோபப்படுவது?

ராபின் காத்திருக்காது.
எடை, இறகு நீளம், வயது
எல்லாவற்றையும் பிஸ்கட் டப்பா மூடியில்
எழுதச் சொன்னேன்.
கையைத் திறந்தாள்.
ஜன்னலில் அரை நொடி சிவப்பு,
பிறகு வெறும் ஜன்னல்.

பகிர்ந்தவர் பட்டியலைத் திறந்தேன்.
பதினொரு பெயர்கள்.
ஏழாவதாக வைவா,
பக்கத்தில் 'திருத்துபவர்'.
"இதோ இருக்கிறாயே!"
குனிந்து பார்த்தாள்.
"அது நானில்லை."

ஸ்தொன்குதே இல்லை.
ஸ்தன்குதே.
ஓர் 'ஒ' இருக்கவேண்டிய இடத்தில்
ஓர் 'அ' உட்கார்ந்திருக்கிறது.
உட்காரவைத்தது என் விரல்,
போன ஆகஸ்டில்.

பதினான்கு மாதங்களாக
ஊர் பேர் தெரியாத ஒருத்தியிடம்
எங்கள் வீட்டுச் சாவி.
நாற்பதாயிரம் வரிகளை
ஒரே அழுத்தில் துடைத்திருக்கலாம்.
வயிறு கலங்க
மாற்ற வரலாற்றைத் தேடினேன்.

அவள் பெயரில் ஒன்றே ஒன்று.
அக்டோபர் பதினேழு, காலை 4:12.
செம்மார்பு ராபின், பெண், எடை:
61 என்பதை அடித்து
16.

அறுபத்தொரு கிராம் ராபின்!
தூக்கத்தில் நான் ஏற்றிய வரி.
அறிக்கையாகி, ஆய்வாகி,
எங்கெங்கோ போய்ச் சேர்ந்திருக்கும்.

யூலியோனஸ் கதவை முதுகால் தள்ளிக்கொண்டு
இன்னும் எட்டுப் பைகளோடு வந்தார்.
ஈரக் கோட்டு, புகைமீன் வாசனை.
விஷயத்தைக் கேட்டார்.
"நீக்கு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?"
இல்லைதான்.
விதி விதிதான்.
சுட்டியை 'அணுகலை நீக்கு' மேல் வைத்தேன்.
ஊதா வட்டத்துக்குள் ஒரு 'வை',
முகம் கூட இல்லை.
நாலு மணிக்கு விழித்திருப்பவள்.
செவிலியோ, ரொட்டிக்கடையோ,
தூக்கம் வராத வேறு யாரோ.
தவறி வந்த கோப்பை மூடிவிடாமல்
ராபின் எவ்வளவு கனக்கும் என்று
தெரிந்து வைத்திருந்தவள்.

கீழே இன்னொரு தேர்வு இருந்தது,
இத்தனை வருடத்தில் நான் தொடாதது:
'கருத்துரைப்பவர்'.
மாற்ற முடியாது. சொல்லலாம்.
யூலியோனஸ் பைகளை மாட்டும் பக்கம்
திரும்பியிருந்தபோது
அதை அழுத்தினேன்.

பிறகு வைவாவின் பெயரை
எழுத்தெழுத்தாக அவளையே சொல்லச்சொல்லி
ஏற்றினேன்.
அவள் திரையில் பென்சில் முளைத்தது.
முதல் வரி அவளுடையது.
டப்பா மூடியை விளக்கருகே கொண்டுபோனாள்.
"எடை பதினைந்து புள்ளி எட்டு.
இறகு நீளம்... இது
எழுபத்தொன்றா, எழுபத்தேழா?"
அவள் கையெழுத்து, அவளுக்கே தெரியவில்லை.
எனக்கும்.
ராபின் இந்நேரம் காயலைத் தாண்டியிருக்கும்.

கட்டத்தில்
ஒரு கேள்விக்குறி போட்டுவைக்கச் சொன்னேன்.