இரண்டு முதல் நாலரை வரை

முப்பது ஆண்டு
பிறர் வீட்டு மின்சாரத்தைக் குறித்தெழுதியவன் நான்.
நாய் உள்ள வாசல், இல்லாத வாசல்,
ஊதித் துடைத்தால் மட்டும் தெரியும் மீட்டர் எண்.
இப்போது என் பால்கனியில்
ஐந்து வாட் பம்பு ஒன்று
நாள் முழுக்க ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறது.
அதன் கணக்கை மட்டும் நான் எழுதுவதில்லை.

சாட்ஸ்வொர்த்தில் மூன்றாம் மாடிக்காரனுக்கு மண் ஏது?
வெள்ளைக் குழாய் நான்கு, படிக்கட்டு போலச் சாய்த்து,
குழாய்க்கு ஆறு ஓட்டை,
ஓட்டைக்கு ஒரு தயிர்க் கிண்ணம்,
அடியில் பழுக்கக் காய்ச்சிய ஆணியால் துளையிட்டது.
கிண்ணத்தில் தேங்காய் நார். நாரில் லெட்யூஸ்,
கொத்தமல்லி, கடைசி வரிசையில் மிளகாய்.
"மண்ணில்லாமல் வளர்வது கீரையா, வதந்தியா?"
என்று கேட்டாள் சரஸ்பதி.
பிறப்புச் சான்றிதழில் குமாஸ்தா போட்ட எழுத்து அது.
அறுபது வருடமாய் அவளைத் திருத்த
யாருக்கும் தைரியம் வரவில்லை.

கணக்கு சொல்கிறேன், சிரிக்காதீர்கள்:
பம்பு, குழாய், சத்துக் கரைசல் இரண்டு புட்டி,
புளிப்புப் பார்க்கும் தாள், எல்லாம் சேர்த்து
ஆயிரத்து நூற்று நாற்பது ராண்ட்.
முதல் அறுவடை ஆறு இலை.
இலைக்கு நூற்றுத் தொண்ணூறு.
மெல்ல மென்றேன்.

பிறகு வந்தது மின்வெட்டு அட்டவணை.
எங்கள் வட்டாரத்துக்கு
இரவு இரண்டு முதல் நாலரை வரை.
பம்பு வாயை மூடினால் என் கண் திறந்துகொள்ளும்.
இருட்டில் ஒரு வாளி, ஒரு குவளை.
கீழ்க்குழாயில் வடிந்ததை மொண்டு
மேல்குழாயில் ஊற்றுவேன்.
நாலு படி இறங்கி அது வாளிக்கே வரும்.
மறுபடி மொள்வேன்.
ஒருநாள் கைப்பேசி வெளிச்சத்தில்
ஒரு கிண்ணத்தைத் தூக்கிப் பார்த்தேன்.
வெந்த சேமியாச் சிக்கல் போல வேர்,
எதையும் பற்றாமல் தொங்கியது.
பார்க்கக் கூடாததைப் பார்த்தவன் போலச்
சட்டென்று திருப்பி வைத்தேன்.

இரண்டாம் மாடி நொக்வாசி படியேறி வந்தாள்.
"ராத்திரி ராத்திரி உன் வீட்டில் யார் குளிப்பது?"
காட்டினேன்.
ஒன்றும் சொல்லவில்லை.
இறங்கும்போது மட்டும்,
"இமிஃபினோ போடு. காட்டுக்கீரை.
அது யாரையும் எழுப்பாது."

பத்தொன்பது இரவு.
இருபதாம் விடியலில் மின்சாரம் வந்து,
பம்பு பேசத் தொடங்கி, நான் கண்ணயர்ந்த
கால்மணி நேரத்தில்
வாலில் பாதி இல்லாத குரங்கொன்று
பால்கனிக் கம்பியில் வந்து உட்கார்ந்தது.
கண்ணாடிக் கதவுக்கு உள்ளே நின்று
முழுவதையும் பார்த்திருக்கிறாள் சரஸ்பதி.
அவசரமே இல்லையாம்.
வரிசை தவறாமல் தின்றதாம்,
முற்றிய இலையை ஒதுக்கிக் குருத்தை மட்டும்.
கொத்தமல்லியை முகர்ந்து தும்மியதாம்.
புளிப்புப் பார்க்கும் தாளைப் பிரித்து நக்கியதாம்.
தாள் என்ன நிறமாச்சு என்றேன்.
"போய் வாங்கிப் பார்க்கச் சொல்கிறாயா?"
ஏன் என்னை எழுப்பவில்லை என்றேன்.
"அப்போதுதானே தூங்கினாய்."

பன்னிரண்டு கிண்ணத்தில் குட்டைத் தண்டு.
எல்லாவற்றையும் கழுவிக் கவிழ்த்துவிடலாம் என்று போனேன்.
கீழே வேர் அப்படியே இருந்தது.
மேலே ஒன்றுமில்லை என்று
அதற்கு யாரும் சொல்லவில்லை.
குடித்துக்கொண்டிருந்தது.
ஸ்விட்சில் வைத்த விரலை எடுத்துக்கொண்டேன்.

ஒரே ஒரு மிளகாய் சிவந்திருந்தது,
குரங்குக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.
கிள்ளி வந்து அவள் ரொட்டியோரம் வைத்தேன்.
கடித்து, கண்ணில் நீர் வந்து,
சுவரில் ஒட்டிய அட்டவணையைப் பார்த்தாள்.
இன்று நமக்குப் பத்து முதல் பன்னிரண்டரை.
"அந்த நேரம் நான் எப்படியும்
விழித்துத்தான் இருப்பேன்" என்றாள்,
வாளியைப் பார்க்காமல்.